டாக்டர் மேஜைமேல் ஒரு கூடை முட்டை

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்துகொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அப்படி எழுதிவிட்டால், கீழே வருவதைப் படித்துவிட்டு இது என்ன நலம் என்று நீயே கேட்பாய். அதனால் இப்படி வைத்துக்கொள், அப்பா நலம், கோழிகள் நலம், நான் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் நலம். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிக்காதே. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய். பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு கன்றுக்குட்டியைக் காட்டு பாட்டி என்கிறான். நான் போனும் கையுமாக நொண்டி நொண்டிக் கொட்டகைக்குப் போகிறேன், கன்று வாலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அது திரும்புவதற்குள் உனக்கு ஆபீஸ் நேரம் வந்துவிடுகிறது. சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுதும் படித்துவிடு, கோபம் வந்தால் அப்புறம் கோபித்துக்கொள்.

நீ இங்கே இருந்த காலத்தில் முட்டை பொறுக்குவதும் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதும் உன் பங்கு, மற்றதெல்லாம் எங்கள் பங்கு என்று இருந்தது. படிக்கிற பிள்ளை என்று சாணிக்கூடையை உன் பக்கமே வரவிட்டதில்லை. அதனால் வீட்டின் பின்பக்கம் என்றாலே உனக்கு இனிக்கிறது, அது உன் தப்பில்லை. எனக்கு அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் அந்தச் சேவல் கத்த ஆரம்பிக்கிறது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேய்த்துக்கொண்டு திரிவதால் அப்பா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறார். மேனேஜர் கத்தியதும் எழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் பசு செவலை கத்துவாள், அவள் கத்தினால் தெருவே எழுந்துவிடும். கோழிக்கூட்டின் கதவு முழங்கால் உயரம்தான், குனிந்து உள்ளே தலையை விட்டுத்தான் திறக்க வேண்டும், திறந்ததும் அத்தனை கோழியும் முகத்தில் இறக்கையால் அடித்துக்கொண்டு வெளியே ஓடும். தண்ணீர்த் தொட்டியில் நேற்று கழுவியதற்கு அடையாளமே இல்லாமல் பாசி வழவழக்கும். வாத்துகளுக்கு எவ்வளவு சுத்தமான தண்ணீர் வைத்தாலும் அதைக் கொட்டிச் சேறாக்கி அந்தச் சேற்றில் மூக்கை விட்டால்தான் திருப்தி. இரண்டு கோழிக்குப் பேன் பிடித்து முதுகில் இறகே இல்லை, பிடித்துப் பிடித்துச் சாம்பல் தடவுகிறேன், தடவி முடிப்பதற்குள் பேன் என் மேல் ஏறிவிடுகிறது. ஆடுகள் கொடியில் கிடந்த அப்பாவின் பனியனைப் பாதி தின்றுவிட்டன, மீதிப் பாதியை அவர் இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறார். மழைக்காலம் வந்தால் கொட்டகை ஒழுகுகிறது, நனைந்த வைக்கோல் நாறுகிறது, அதை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்தது போடுவதற்குள் மறுபடி மழை. உனக்கு ஞாயிறு உண்டு, மாட்டுக்கு ஞாயிறு கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்று மடிக்குச் சொல்ல முடியுமா, அது சுரந்துகொண்டு நிற்கும். அலுத்துவிட்டது கண்ணு. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, அலுத்துத்தான் போய்விட்டது.

என் முட்டி வலியைப் பற்றி உனக்குத் தெரியும். தெரியும் என்றால் வலிக்கிறது என்று நான் சொன்னேன், தைலம் தடவுங்கள் என்று நீ சொன்னாய், அவ்வளவு தெரியும். அது எந்த அளவுக்குப் போய்விட்டது என்று நான் சொன்னதில்லை. பால் கறக்கக் குந்துவதில் பிரச்சினை இல்லை, எப்படியோ மடங்கி உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருப்பதுதான் முடியாது. கொஞ்ச நாளாகச் செவலையைப் பிடித்துத்தான் எழுந்துகொண்டிருந்தேன். முதலில் அவள் பின்னங்காலைப் பிடிப்பேன், அப்புறம் இடுப்பெலும்பு, அப்புறம் முதுகு, இப்படி ஒரு பசுமாட்டின் மேல் ஏறி ஏறி நான் நிமிர்ந்தாக வேண்டும். அவளும் பாவம், என் பாரத்தைத் தாங்கிக்கொண்டு காலை ஊன்றி அசையாமல் நிற்பாள். அப்பா புல் அறுக்கப் போயிருக்கும் நேரம் என்பதால் அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் நானே கறக்கிறேன் என்பார், அவர் கை பட்டால் அவள் பாலை அடக்கிக்கொள்வாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நிற்பார்கள். அதற்கு நானே கறந்துவிடலாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில், கறந்து முடித்துப் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டு வழக்கம்போல் அவள் காலைப் பிடித்து எழுந்தேன். பாதி எழுந்திருப்பேன், அந்த நேரம் பார்த்துக் கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து மடியை முட்டியது. செவலை ஓர் அடி நகர்ந்தாள். அவள் மேல் குற்றம் இல்லை, பிள்ளை வந்தால் தாய் நகரத்தான் செய்வாள். நான் அப்படியே பின்னால் சாய்ந்து சாணிக்குழிக்குப் பக்கத்தில் மல்லாந்து விழுந்துவிட்டேன். பால் பாத்திரம் கவிழ்ந்து முதுகுக்குக் கீழே சூடாக ஓடியது. எழுந்திருக்கவே முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. ஆடுகள் வந்து முகத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. ஒரு கோழி என் வயிற்றின் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தது, நல்ல உயரமான இடம் கிடைத்தது என்று நினைத்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் இரண்டும் போய்ச் சும்மா படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் நான் படுத்திருந்தது அன்றைக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அப்பா புல் கட்டோடு வந்து பார்த்தார். கட்டைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார். துணி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் டீ போட்டுக் கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். சின்ன வயசு டாக்டரம்மா, தன்மையாகப் பேசுகிறாள். படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள், முட்டியில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடம் எனக்கு இல்லையாம், தேய்ந்து ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருக்கிறதாம். ஆபரேஷன் பண்ணி முட்டியை மாற்றிவிட்டால் நன்றாக நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் அதற்குப் பிறகு கீழே குந்தவே கூடாது, வாளி தூக்கக் கூடாது, வழுக்குகிற இடத்தில் நிற்கக் கூடாது என்றாள். பண்ணாமல் விட்டால் என்றேன், கொஞ்ச நாளில் நடப்பதே கஷ்டமாகிவிடும் என்றாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. குந்தாமல், வாளி தூக்காமல், வழுக்குகிற இடத்தில் நிற்காமல் மாடு வைத்துக்கொள்ள முடியாது. ஒன்று கால், இல்லாவிட்டால் கொட்டகை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் டாக்டர், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா ஐயா என்றாள். அவர் கேட்டது இது ஒன்றுதான்: ‘அப்போ பாலை யாரு கறக்கிறது?’ எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன், முட்டி தேய்ந்து போனவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ஆனதும் உன்னைக் கூப்பிட்டேன். ஆபரேஷன் என்று சொன்னதும் பயந்துபோனாய், அதெல்லாம் சரி. மாட்டையும் ஆட்டையும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றதும் உன் குரலே மாறிவிட்டது. ‘அதை மட்டும் செஞ்சுடாதீங்கம்மா, அதெல்லாம் இல்லைன்னா அது நம்ம வீடு மாதிரியே இருக்காது’ என்றாய். பையன் கன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான், லீவுக்கு நாங்கள் வந்து போகும் வரைக்குமாவது தள்ளிப்போடுங்கள், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு மாடு இல்லாவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும் என்று அழுதாய். நீ அழுதால் எனக்குத் தாங்காது என்று உனக்குத் தெரியும். சரி கண்ணு என்று சொல்லி டாக்டர் கொடுத்திருந்த தேதியைத் தள்ளிப்போட்டேன். ஆளும் வைத்துப் பார்த்தோம். நல்ல வாட்டசாட்டமான ஆள், ஆனால் சேவலைக் கண்டால் பயம். மேனேஜர் ஒரு நாள் துரத்தினான் பார், அன்றைக்கு வேலியைத் தாண்டிப் போனவர்தான், அவருடைய செருப்பு ஒன்று இன்னும் இங்கே கிடக்கிறது. மறுபடி நானே குந்த ஆரம்பித்தேன். நீ போன லீவுக்கும் வருகிறேன் என்றாய், அதற்கு முந்தின லீவுக்கும் வருகிறேன் என்றாய். குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி, டிக்கெட் அப்படி. ஆனால் நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவதற்காக நான் தினமும் இரண்டு வேளை குந்த வேண்டியிருந்தது, அதையும் நீ தெரிந்துகொள்.

வலி பொறுக்காமல் நானே மறுபடி டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னேன். இப்போது நடந்த கூத்தைக் கேள். அப்பா முன்னதாகவே கிளம்பி, குளித்து, வெளுத்த சட்டை போட்டு, மேலே துண்டு போட்டு மூடிய ஒரு கூடையோடு வாசலில் நிற்கிறார். என்ன அது என்றேன், டாக்டருக்கு முட்டை என்றார். நான் அவரோடு சரியாகப் பேசாத நேரம், அதனால் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். நம் வீட்டில் கோழி என் கணக்கு, புல்லும் தீவனமும் அவர் கணக்கு, அவர் முட்டைப் பக்கம் போகவே மாட்டார் என்பது உனக்குத் தெரியும். போய் உட்கார்ந்தோம், டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கூடையை அவள் மேஜைமேல் வைத்துவிட்டார். அவள் முட்டிப் படத்தை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், அப்போது கீச் என்று ஒரு சின்னச் சத்தம். டாக்டர் தன் போனை எடுத்துப் பார்த்தாள். நர்ஸம்மா மின்விசிறியைப் பார்த்தாள். மறுபடியும் கீச். நர்ஸம்மா குனிந்து மேஜைக்குக் கீழே எலியா என்று தேடினாள். நான் மட்டும் கூடையைப் பார்த்தேன். கோழி வளர்க்கிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா. பொரியப்போகும் குஞ்சு, முட்டை ஓட்டுக்குள் இருந்துகொண்டே தாயைக் கூப்பிடுகிற சத்தம் அது. துண்டைத் தூக்கிப் பார்த்தால், ஒரு முட்டையில் விரிசல் விட்டு ஒரு குட்டி மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றியுள்ள முட்டைகள் எல்லாம் பதில் சொல்கின்றன. மனுஷன் அடைக்கோழியின் முட்டைகளை மொத்தமாக வாரிக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்தக் கோழி கூட்டில் அடைக்கு உட்காராமல் அடம்பிடித்ததால் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல்போரில் நான்தான் உட்கார வைத்திருந்தேன், அவரிடம் சொல்லவில்லை. அது இரை தின்ன எழுந்து போன நேரம் பார்த்து இவர் பார்த்திருக்கிறார். தொட்டால் சூடாக இருந்ததாம், இப்போதுதான் போட்டது, புத்தம் புதுசு என்று சந்தோஷப்பட்டு எடுத்துக்கொண்டாராம். ஒரு கூடை முட்டையையும் ஒரே காலையில் ஒரு கோழி போட்டிருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் இல்லையா. எனக்கு அவமானத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் டாக்டரம்மா முதலில் நாற்காலியோடு பின்னால் போனவள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நர்ஸம்மா சாமர்த்தியக்காரி, புண் பார்க்கிற விளக்கைத் தாழ இறக்கி, எவர்சில்வர் தட்டில் பஞ்சைப் பரப்பி அதில் முட்டைகளை வைத்தாள். வெளியே உட்கார்ந்திருந்த கட்டுப் போட்ட கால்காரர்கள், ஊன்றுகோல்காரர்கள் எல்லாம் உள்ளே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். எல்லோர் முன்னாலும் முதல் குஞ்சு ஓட்டை உதறிவிட்டு ஈரமாக வெளியே விழுந்தது. இனிமேல் எனக்குப் பிரசவமும் பார்க்கத் தெரியும் என்றாள் டாக்டர். அப்பா மூலையில் அசடு வழிய நின்றார். போகும்போது அவளே அவரைக் கூப்பிட்டு, முட்டை கொடுக்காவிட்டாலும் உங்கள் வீட்டம்மாவுக்கு நல்லபடியாகத்தான் பண்ணுவேன் ஐயா, பயப்படாதீர்கள் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொரிந்த குஞ்சையும் பொரியாத முட்டைகளையும் சூடு போகாமல் சால்வைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என் வயிற்றிலிருந்து சத்தம் வருகிறது என்று எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, அப்பாவைப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். ‘வெறுங்கையோட போனா அந்தம்மா உன்னை ஏனோதானோன்னு அறுத்துருமோன்னு பயந்துட்டேன்’ என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, ‘நீ கீழ கிடந்தப்போ வாசல்ல இருந்து பார்த்தேன், கூப்பிட்டேன், நீ திரும்பல. நீ போயிட்டியோன்னே நெனச்சுட்டேன். அதுல இருந்து அந்தக் கொட்டகைக்குள்ள நுழையவே எனக்குக் கால் வரல’ என்றார். அன்றைக்கு அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, அந்த ரேடியோ சத்தத்தில் எதுதான் கேட்கும். அப்போ டாக்டர்கிட்ட ஏன் பாலைப் பத்திக் கேட்டீங்க என்றேன். ‘வேற என்ன கேக்கறதுன்னு தெரியல, வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன்’ என்றார். நான் பத்து நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது இந்த மனுஷனிடம். இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்னால் அவரே சொன்னார், ‘மாட்டைக் குடுத்துடலாம். புள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.’ நான் சொன்னேன், வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று.

அதனால் எழுதுகிறேன். செவலையும் கன்றும் போன புதன்கிழமை பால்காரர் வீட்டுக்குப் போய்விட்டன. அவர் வீட்டில் ஏற்கனவே மாடுகள் இருக்கின்றன, கறக்க ஆள் இருக்கிறது, கொட்டகை ஒழுகவில்லை, நம் கொட்டகையைவிட நல்ல கொட்டகை. அவள் கயிற்றை இழுக்காமல் போனாள். திரும்பிப் பார்த்தாள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், புதுப் புல்லைக் காட்டியதும் அதன் பின்னாலேயே போய்விட்டாள். பெட்டை ஆடுகள் தெருமுனைத் தையல்காரர் வீட்டுக்குப் போயின. கிடா கறிக்கடைக்குப் போனது. உனக்குப் பிடிக்காது என்று தெரியும், ஆனால் கிடாவை வேறு யாரும் கேட்கவில்லை, கண்ணு, இதுவும் இந்த வேலையில் ஒரு பங்குதான். நான் அழவில்லை. உள்ளதைச் சொன்னால், மறுநாள் காலை நான் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது, ஐயோ கறக்கவில்லையே என்று பதறி எழுந்து, அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி படுத்துக்கொண்டேன். அந்தப் படுக்கை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று எழுதினால் நீ என்ன நினைப்பாயோ. அப்பாதான் வழக்கமான நேரத்துக்கே எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அவருக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. வந்து பொரிந்த குஞ்சுகளுக்கு நொய் போட உட்கார்ந்துவிட்டார். ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து மிச்ச முட்டைகளைக் கொண்டுபோய் வைத்ததும் அடைக்கோழி அப்பாவின் கையை நன்றாகக் கொத்திவிட்டுத்தான் மேலே உட்கார்ந்தது. இரண்டு முட்டை குளிர்ந்து வீணாகிவிட்டன, மற்றதெல்லாம் பொரிந்துவிட்டன. வாத்துகளையும் யாருக்காவது கொடுத்துவிடுவோம். கோழி மட்டும் இருக்கட்டும், இனிமேல் அதுவும் அப்பா கணக்கு. கூட்டைக் காலில் தூக்கி நிறுத்தி இடுப்பு உயரத்தில் கதவு வைத்து வேறு கூடு அடிக்கிறார். ஆணி அடிக்கும் சத்தம் காலையிலிருந்து என் தலைக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆபரேஷன் வருகிற வியாழக்கிழமை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அது முடிந்திருக்கும். அதனால் போன் பண்ணி நிறுத்தலாம் என்று பார்க்காதே, டிக்கெட் எடுத்துக்கொண்டு அவசரமாக ஓடியும் வராதே. நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன், உனக்கு இது புதுசாக இருக்கும், எனக்கும் புதுசாகத்தான் இருக்கிறது. பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், நேற்றுச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன், அதெல்லாம் ஒன்றும் ஆகாது, டாக்டர் கெட்டிக்காரி. நீ ஆபீஸில் வேளை தவறாமல் சாப்பிடு, நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காமல் இடையில் எழுந்து நட, முட்டியை இளசிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது. பேரனிடம் கன்றுக்குட்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டது, அது அங்கே அம்மாவோடுதான் இருக்கிறது என்று சொல். வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், பால்காரர் வீடு நடக்கிற தூரம்தான், அதுவரை நான் நடப்பேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, பல காலம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சுத்தியலைக் கீழே வைக்காமலே சொன்னார். ஒரே ஒரு விஷயம், கோபத்தில் எழுதவில்லை, நீ என் பிள்ளை என்பதால் எழுதுகிறேன். இத்தனை மாதமாக ஒவ்வொரு போனிலும் செவலை எப்படி இருக்கிறாள், கன்று புல் கடிக்கிறதா, வெள்ளாடு குட்டி போட்டதா, மேனேஜர் யாரையாவது துரத்தினானா என்று ஒன்று விடாமல் கேட்டாய். எந்த முட்டி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வியாழக்கிழமைக்கு அப்புறம் போன் பண்ணும்போது கேள், சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா